அருங்காட்சியகத்தின் பழைய கோப்புகள் எங்கே இருக்க வேண்டும்?

கலை அருங்காட்சியகம் நடத்துகிற எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். ரெக்கார்டு ரூம் நிரம்பிவிட்டது, பீரோவில் இடமில்லாமல் கட்டுகள் தரைக்கு வந்துவிட்டன, மழைக்காலம் வேறு நெருங்குகிறது. பழைய கோப்புகளை என்ன செய்யலாம்? இங்கேயே ஒரு நல்ல அறை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்பார் ஒருவர். ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிடலாம் என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று மூன்றாமவர் சொல்வார். மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எது சரி என்று சொல்வதற்கு முன், அந்தக் கட்டுகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான முடிவுகள் இங்கேதான் தவறிப்போகின்றன.

அதற்குள் இருப்பவை இரண்டு வகை. ஒன்று நிர்வாகம்: எந்தப் பொருள் எப்போது, எந்த எண்ணில் வந்து சேர்ந்தது என்று எழுதும் சேர்க்கைப் பதிவேடு, வாங்கிய ரசீது, நன்கொடைக் கடிதம், வெளியூர்க் கண்காட்சிக்குப் பொருளைக் கொடுத்து வாங்கிய ஒப்பந்தம், கட்டட வேலை, சம்பளம், அரசாணை. இன்னொன்று பொருட்களின் பாதுகாப்பு வேலை: பொருள் எந்த நிலையில் இருந்தது என்ற அறிக்கை, என்ன சிகிச்சை நடந்தது என்ற குறிப்பு, முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எக்ஸ்ரே, ஆய்வகக் குறிப்பேடுகள். இந்த இரண்டாவது வகையைத்தான் பலர் "பழைய லேப் பேப்பர்" என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுதான்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். 1851இல் தொடங்கியது. அங்குள்ள தென்னிந்திய உலோகத் திருமேனிகளைப் பற்றி, அப்போதைய கண்காணிப்பாளர் எஃப். எச். கிரேவ்லியும் டி. என். ராமச்சந்திரனும் 1932இல் ஒரு விரிவான பட்டியல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் அந்தத் திருமேனிகளில் பலவற்றை வெண்கல நோய் அரித்துக்கொண்டிருந்தது. உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாக வெடித்துக் கிளம்பும். துடைத்தாலும் மறுபடி வரும். இதைச் சமாளிக்கத்தான் 1930களில் அங்கே ஒரு ரசாயன ஆய்வகம் உருவானது. அதன் வேதியியலாளர் எஸ். பரமசிவன். காரக் கரைசலில் திருமேனியை எதிர்மின்வாயாக வைத்து, மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்தி, உப்பை வெளியே இழுக்கும் மின்பகுப்பு முறையை அவர் கையாண்டார்.

அந்த முறை அன்று பல திருமேனிகளைக் காப்பாற்றியது. ஆனால் உப்போடு சேர்ந்து மேல்படலமும் போய்விடும். நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சையும் பழுப்பும் கழன்று, அடியிலுள்ள உலோகம் தெரியும். இன்று ஒரு ஆய்வாளர் அந்தத் திருமேனி முன் நின்று, அதன் பரப்பின் நிறத்தையும் தேய்மானத்தையும் வைத்து ஏதாவது முடிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மின்பகுப்புத் தொட்டிக்குள் போய் வந்தது என்று அவருக்குத் தெரியாவிட்டால் முடிவு தவறும். அந்தத் தகவல் பொருளின் மேல் எழுதியிருக்காது. அச்சான பட்டியலிலும் இருக்காது. ஆய்வகக் குறிப்பேட்டில்தான் இருக்கும்.

அடுத்து வரும் பாதுகாப்பாளருக்கும், அதாவது பொருட்களுக்குச் சிகிச்சை செய்து காப்பவருக்கும், இதே சிக்கல்தான். 1960களில் உலகெங்கும் பல ஆய்வகங்கள், உதிரும் வண்ணப்பூச்சையும் நொறுங்கும் பரப்பையும் பிடித்துவைக்கக் கரையும் நைலானைப் பூசின. வேண்டும்போது கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. ஆண்டுகள் போகப்போக அது எளிதில் கரைய மறுத்தது. தாவர, விலங்கு, பழங்குடிப் பொருட்களின் மேல் பூச்சி வராமல் இருக்க ஆர்செனிக், பாதரச உப்பு, டிடிடி எல்லாம் தடவிய காலமும் உண்டு. எந்தப் பொருளில் எது தடவப்பட்டது என்ற பழைய குறிப்பு இருந்தால், இன்று அதைக் கையில் எடுப்பவர் கையுறை போட்டுக்கொள்வார். குறிப்பு தொலைந்திருந்தால் அவருடைய உடல்நலமே பணயம்.

சரி, இப்போது தேர்வுகளுக்கு வருவோம்.

முதலாவது, கோப்புகளை அருங்காட்சியகத்துக்குள்ளேயே, தனக்கென்று ஓர் ஆவணப் பிரிவு வைத்துக் காப்பது. இதற்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலுள்ள ஃபாக் அருங்காட்சியகத்தை. எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1909 முதல் 1944 வரை அதன் இயக்குநர். 1928இல் ரதர்ஃபோர்டு கெட்டன்ஸ் என்ற வேதியியலாளரை வேலைக்கு எடுத்தார்கள். பாதுகாப்பாளர் ஜார்ஜ் ஸ்டவுட் உடன் இருந்தார். 1932 முதல் 1942 வரை கலைப்பொருட்களின் தொழில்நுட்ப ஆய்வுக்கென்றே அங்கிருந்து ஒரு காலாண்டிதழ் வந்தது. நம் பரமசிவன் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரோவியங்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1937இல் அந்த இதழில்தான் வெளியானது. எழும்பூர் ஆய்வகமும் ஹார்வர்டு ஆய்வகமும் அந்த அளவுக்குச் சமகாலத்தவை.

வீட்டுக்குள்ளேயே பதிவு வைத்திருப்பதால் என்ன பயன் என்பதற்கு, அங்குள்ள அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் சுவரோவியங்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1964இல் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் விருந்து அறையில் ஐந்து பெரிய ஓவியங்களை மாட்டினார்கள். ஜன்னல் வழியே வெயில் கொட்டியது. ராத்கோ பயன்படுத்திய லித்தால் சிவப்பு வெளிச்சத்தைத் தாங்காத நிறமி. கருஞ்சிவப்பு வெளிறி, சில இடங்களில் நீலம் பாரித்துப்போனது. 1979இல் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள். மேலே வண்ணம் பூசிச் சரிசெய்யவும் முடியாது. வார்னிஷ் இல்லாத பரப்பு, தொட்டால் ராத்கோவின் கைவண்ணமே மறைந்துவிடும்.

2014இல் அவற்றை மறுபடி காட்சிக்கு வைத்தபோது கண்ட வழி இது: ஓவியத்தைத் தொடவே வேண்டாம், இழந்த நிறத்தை மட்டும் புரொஜெக்டர் வழியாக ஒளியாக அதன் மேல் விழச் செய்வோம். அதற்கு இழந்த நிறம் எது என்று ஒவ்வொரு இடத்துக்கும் தெரிய வேண்டும் அல்லவா? 1964இல் எக்டாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமில் எடுத்த படங்கள் கைகொடுத்தன. அந்தப் படங்களும் வெளிறியிருந்தன. முதலில் அவற்றின் நிறத்தைக் கணினியில் மீட்டார்கள். மாட்டப்படாமல் தப்பித்த ஆறாவது ஓவியத்தில் வெளிறாத பகுதிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். தினமும் மாலை நான்கு மணிக்குப் புரொஜெக்டரை அணைத்து, வெளிறிய உண்மையான நிறத்தையும் மக்கள் பார்க்க வைத்தார்கள். இது முழுவதும் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய சில ஃபிலிம்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் நடந்தது.

முதல் தேர்வின் பலம் அதுதான். பொருளும் அதன் கோப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பாதுகாப்பாளர் காலையில் ஒரு விரிசலைப் பார்த்தால், அந்த விரிசல் 1958 படத்திலும் இருந்ததா என்று மதியத்துக்குள் தெரிந்துகொள்ளலாம். பலவீனமும் அதே இடத்தில்தான். தீயோ வெள்ளமோ வந்தால் பொருளும் போகும், பொருளைப் பற்றிய எழுத்தும் போகும். 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது இரண்டும் சேர்ந்தே போயின. 2016 ஏப்ரலில் டெல்லி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்ததும் மறக்கக்கூடியதில்லை. இன்னொன்று, ஆவணம் பார்க்கப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஹார்வர்டால் அது முடியும். மாவட்டத் தலைநகரில் ஒரு காப்பாட்சியரும் நான்கைந்து ஊழியர்களும் நடத்துகிற அருங்காட்சியகத்தில், கோப்பு அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே சில சமயம் கேள்வியாகிவிடும்.

இரண்டாவது தேர்வு, மையக் காப்பகம். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் இந்த வழியைப் பின்பற்றுகிறது. அதன் கீழுள்ள பல அருங்காட்சியகங்களின் நிர்வாகப் பதிவுகள் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கென்றே உள்ள பொது ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்கின்றன. குளிர்பதனம், ஃபிலிம் பெட்டகம், ஆவணக் காப்பாளர் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் செலவு பகிரப்படுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு இணை, எழும்பூரிலேயே இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் சென்னை ரெக்கார்டு ஆபீஸ் என்று உருவானது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் தாள்கள் முதல் அங்கே இருக்கின்றன. பாந்தியன் சாலையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

நிர்வாகக் கோப்புகளுக்கு இது நல்ல வழி என்றே சொல்வேன். ஏனென்றால் அருங்காட்சியகம் தனக்குத் தானே கடிதம் எழுதிக்கொள்வதில்லை. ஆட்சியர், பொதுப்பணித் துறை, கல்வித் துறை என்று பல இடங்களோடு பேசியிருக்கும். மறுபக்கக் கடிதம் காப்பகத்தில்தான் கிடக்கும். இரண்டு பக்கமும் ஒரே கூரையின் கீழ் வந்தால் கதை முழுமையாகும். ஆந்திராவிலுள்ள அமராவதி பௌத்தத் தூபியின் சிற்பங்களைப் பாருங்கள். 1816–17இல் காலின் மெக்கன்சியின் ஆட்கள் அங்கே வரைபடங்கள் எடுத்தார்கள். 1845இல் வால்டர் எலியட் தோண்டினார். சிற்பங்கள் சென்னைக்கு வந்து திறந்தவெளியில் கிடந்து, 1859இல் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பல் ஏறியது. எலியட்டின் தோண்டுதல் குறிப்புகள் தொலைந்துபோயின. அதனால் எந்தப் பலகை தூபியின் எந்தப் பக்கத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க, கடிதங்களையும் கப்பல் ஏற்றிய கணக்குகளையும் பழைய புகைப்படங்களையும் சேர்த்துவைத்து ஆய்வாளர்கள் இன்றும் பாடுபடுகிறார்கள். அரசுக் கடிதப் போக்குவரத்து மையக் காப்பகங்களில் தப்பியிருப்பதால்தான் அந்த முயற்சியாவது சாத்தியமாகிறது.

ஆனால் பாதுகாப்பு வேலையின் பதிவுகளையும் அதே லாரியில் ஏற்றிவிடக் கூடாது. காப்பகத்தில் ஒரு கோப்பைப் பார்க்க விண்ணப்பம், பட்டியல் எண், எடுத்துவரும் நேரம் எல்லாம் உண்டு. ஒரு திருமேனியின் முழங்கையில் பச்சைப் பொடி தெரிகிறது, உடனே பழைய சிகிச்சையைப் பார்க்க வேண்டும் என்கிற அவசரத்துக்கு அந்த நடைமுறை ஒத்துவராது. ஒத்துவராதபோது என்ன நடக்கும்? பழைய குறிப்பைப் பார்க்காமலேயே புதிய சிகிச்சை தொடங்கிவிடும். மேலும், காப்பகத்துக்குப் பழக்கமானது தாள். ஆய்வகப் பதிவில் எக்ஸ்ரே பிலிம், கண்ணாடி நெகட்டிவ், பெயர்த்தெடுத்த வண்ணத்துகள் ஒட்டிய கண்ணாடித் துண்டு எல்லாம் இருக்கும். அப்புறம், மையக் காப்பகம் என்றாலே பத்திரம் என்று நினைப்பதும் சரியில்லை. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் கொலோன் நகரக் காப்பகம், பக்கத்தில் நடந்த மெட்ரோ சுரங்க வேலையால் சில நிமிடங்களில் இடிந்து விழுந்தது.

மூன்றாவது, ஸ்கேன். இன்று எல்லோருக்கும் பிடித்த பதில் இதுதான், அதனால்தான் இதில் நிதானம் வேண்டும் என்கிறேன். தேடுவதற்கும் பகிர்வதற்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. மத்திய அரசின் கீழுள்ள முக்கிய அருங்காட்சியகங்கள் சிடாக் என்ற அரசுக் கணினி நிறுவனம் உருவாக்கிய ஜதன் மென்பொருளில் தங்கள் பொருட்களைப் பதிவேற்றியிருக்கின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். படப் பதிவுக்கு எவ்வளவு வலிமை என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமே போதும். 1956 முதல் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து வைத்தார்கள். பிற்பாடு திருடுபோன ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை 1994இல் எடுத்த படம் அங்கே இருந்தது. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கிய நடராசர் அதே திருமேனிதான் என்று காட்ட அந்தப் படம் உதவியது. 2014இல் திருமேனி இந்தியா திரும்பியது.

ஆனால் ஸ்கேன் என்பது நகல். மூலத்தைக் கழிக்கலாம் என்ற அனுமதியாக அதை எடுத்துக்கொண்டால் ஆபத்து. ராத்கோ படங்களை மீட்டவர்களுக்கு மூல ஃபிலிம் தேவைப்பட்டது. 1990களில் யாரோ எடுத்த குறைந்த தரத்து நகல் மட்டும் இருந்திருந்தால் அந்த வேலை நடந்திருக்காது. வடிவம் பழசாகும் சிக்கலும் உண்டு. 1986இல் பிபிசி, பிரிட்டன் முழுவதைப் பற்றியும் பள்ளிப் பிள்ளைகளை வைத்துத் திரட்டிய தகவல்களை லேசர் தட்டுகளில் பதிந்தது. பதினைந்து ஆண்டுக்குள் அந்தத் தட்டை ஓட்டும் கருவியே கிடைப்பது அரிதாகி, மீட்பதற்குத் தனித்திட்டம் போட வேண்டிவந்தது. நம் அலுவலகங்களில் 2000ஆம் ஆண்டை ஒட்டி எரித்த சிடிக்களை இன்று எத்தனை பேரால் திறக்க முடியும்?

இதற்கு ஒரு விதிவிலக்கு சொல்லியாக வேண்டும். சில பதிவுகள் நாம் காத்தாலும் தாமே அழிபவை. 1980, 90களின் ஃபேக்ஸ் தாள் வெப்பத்தால் எழுத்து வருவது. அதுவே வெளுத்து வெறும் தாளாகிவிடும். அசிடேட் ஃபிலிம் நம் வெக்கையில் சிதைந்து வினிகர் வாடை அடிக்கத் தொடங்கும், பிறகு சுருங்கும். இவற்றை இன்றே ஸ்கேன் செய்ய வேண்டும். அழகான தோல் அட்டைப் பதிவேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது இன்னும் நூறு ஆண்டு தாங்கும். பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது, பார்க்கப் பழமையானதை முதலில் ஸ்கேனரில் வைக்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் நடுவே லண்டனில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. பிரிட்டனின் 1958ஆம் ஆண்டுப் பொதுப் பதிவுகள் சட்டப்படி நேஷனல் கேலரி, டேட் போன்ற கலைக்கூடங்களின் பதிவுகள் அரசின் பதிவுகள். ஆனால் அவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தையே அங்கீகரிக்கப்பட்ட வைப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள். எதைக் கழிக்கலாம், எதை எப்போது பொதுமக்களுக்குத் திறக்க வேண்டும் என்ற விதி மையத்திலிருந்து வருகிறது, தாள் மட்டும் பொருளின் பக்கத்திலேயே இருக்கிறது. இடம் வீட்டுக்குள், கண்காணிப்பு வெளியிலிருந்து.

அந்த வெளிக்கண்காணிப்பின் அருமை நேஷனல் கேலரிக்கு நன்றாகவே தெரியும். போர்க்காலத்தில் வேல்ஸ் கல்குவாரியில் ஒளித்து வைத்த ஓவியங்களைச் சுத்தம் செய்து திருப்பி மாட்டியபோது, ஓவியத்தையே சுரண்டிவிட்டார்கள் என்று 1946இல் பத்திரிகைகளில் பெரும் கூச்சல். கேலரி 1947இல் சுத்தம் செய்த ஓவியங்களையே கண்காட்சியாக வைத்து, வேலை நடந்த விதத்தைப் படங்களோடு விளக்கியது. விசாரித்த குழு சேதம் ஒன்றும் இல்லை என்றது. பதிவு வைத்திருந்தவர்களால்தான் அப்படித் திறந்து காட்ட முடியும். பதிவே இல்லாமல் நடந்த பழுதுபார்ப்புக்கு நம்மிடமே வேதனையான உதாரணம் உண்டு. 1951இல் கண்டெடுத்த சிவபுரம் நடராசரைப் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அசல் 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் கைக்குப் போய், 1986இல்தான் திரும்பியது. கொடுக்கும்போது எடை, அளவு, நாலு பக்கப் படம், திரும்பும்போது மறுபடி அதே மூன்றும் இருந்திருந்தால் மாற்றியது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்படியானால் என்ன முடிவெடுப்பது? அரசு அருங்காட்சியகம் என்றால், நிர்வாகக் கோப்புகள் காலம் முடிந்ததும் ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். சேர்க்கைப் பதிவேடு மட்டும் போகக் கூடாது. அது பொருளின் பிறப்புச் சான்று, நகல் அனுப்பினால் போதும். சிகிச்சைக் குறிப்பு, படம், ஆய்வகக் குறிப்பேடு எல்லாம் அருங்காட்சியகத்திலேயே, ஆனால் பொருட்கள் இருக்கும் கட்டடத்தில் இல்லாமல் வளாகத்தின் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். அவற்றின் ஸ்கேன் நகல் ஒன்று ஊருக்கு வெளியே. போனது எது, இருப்பது எது என்ற பட்டியல் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரித்து வைப்பதால் கெடுதல் இல்லை, பட்டியல் பிரிந்துபோனால் பெருங்கெடுதல்.

தனியார் அறக்கட்டளையோ கல்லூரியோ நடத்தும் சிறிய அருங்காட்சியகம் என்றால், தனி ஆவணப் பிரிவு என்ற கனவை விட்டுவிடலாம். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போல அச்சையும் தாளையும் காப்பதில் பழுத்த அனுபவம் உள்ள ஒரு நிறுவனத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு நிர்வாகக் காகிதங்களை ஒப்படைக்கலாம். சிகிச்சைக் குறிப்புகளுக்கு ஒரு இரும்பு பீரோவும் பொருளின் சேர்க்கை எண் எழுதிய உறையும் போதும். குண்டூசியையும் ரப்பர் பேண்டையும் எடுத்துவிடுங்கள், ஒன்று துருப்பிடிக்கும், மற்றொன்று உருகித் தாளோடு ஒட்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் கைவைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, கோப்பை முடிக்கும் மேசை. தமிழ்நாட்டு அரசு அலுவலக வழக்கப்படி முடிந்த கோப்பில் ஒரு குறி விழும்: ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம், டி.டிஸ் என்றால் 10 ஆண்டு, கே.டிஸ் என்றால் 3 ஆண்டு, எல்.டிஸ் என்றால் ஓராண்டு. ஆய்வகத்துக்கு இன்ன ரசாயனம் இத்தனை கிலோ வாங்கினோம் என்ற கடிதம் எழுத்தரின் கண்ணுக்குச் சாதாரணக் கொள்முதல், எல்.டிஸ் போட்டு அடுத்த ஆண்டு கழித்துவிடுவார், அவர் மேல் குற்றமில்லை. ஆனால் சிகிச்சைக் குறிப்பு தொலைந்த ஒரு பொருளுக்கு, அந்த ஆண்டில் ஆய்வகத்தில் என்னென்ன இருந்தது என்று சொல்ல அந்தக் கடிதம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். பாதுகாப்புப் பிரிவின் கோப்புகளுக்கு ஆர்.டிஸ் தவிர வேறு குறி போடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போதும், இதற்குப் பணமே தேவையில்லை.

அதோடு, அடுத்து ஓய்வுபெறப்போகும் பாதுகாப்பாளர் யார் என்று பாருங்கள். அவருடைய மேசை இழுப்பறையில் சொந்தக் குறிப்பேடுகள் இருக்கும். எந்தக் கரைசல் எந்தப் பொருளில் சரியாக வந்தது, எதில் சொதப்பியது என்பதை அலுவலகக் கோப்பைவிட அதில்தான் வெளிப்படையாக எழுதியிருப்பார். விடைபெறும் விழாவுக்கு முன் அவரோடு உட்கார்ந்து, பக்கம் பக்கமாகச் சேர்க்கை எண்ணைக் குறித்து வாங்கி, அந்தக் குறிப்பேடுகளுக்கும் ஒரு கோப்பு எண் கொடுத்துவிடுங்கள்.